லுருஜாரி நடை: காசு கட்டிப் போனேன், ஆனால் அங்கே வாடிக்கையாளர் நான் இல்லை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்கமாக நான் எழுதும் விமர்சனங்களின் கடைசியில் ஐந்துக்கு இத்தனை என்று போடுவேன், இதற்குப் போடப்போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் பூட்ஸ் பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம், அது கடற்கரையில் நடக்க நினைக்கும் எல்லோருக்கும் பயன்படும்.

லுருஜாரி என்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில், புரூம் ஊரிலிருந்து வடக்கே மினரின்யி வரை கடலை ஒட்டியே போகும் 82 கிலோமீட்டர் நடை. கூலராபூலூ என்ற பூர்வகுடிக் குடும்பத்தார் நடத்துகிறார்கள். ஒன்பது நாள். 82-ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்துவிட்டு, பூங்காவில் தினமும் நடப்பதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதானே என்று நினைத்தவன் நான். தப்புக்கணக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். மெல்பர்னில் இருப்பவர்களுக்கு மைக்கேல் லாங்கைத் தெரிந்திருக்கும். பூர்வகுடியைச் சேர்ந்தவர், எசண்டன் அணியின் ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர், 1993 இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகன். அவருடைய அப்பா அம்மா இருவருமே, பூர்வகுடிப் பிள்ளைகள் என்பதால் சின்ன வயதில் அதிகாரிகளால் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர்கள். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 2004 நவம்பரில், பூர்வகுடிகளின் நிலையைப் பற்றி அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்டைப் பார்த்துப் பேச வேண்டும் என்று வீட்டிலிருந்து கான்பராவை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். 650 கிலோமீட்டர் தூரம். வழியில் ஆட்கள் சேரச் சேர, பிரதமர் சந்திக்கச் சம்மதித்தார். அதன் நினைவாக இப்போது ஆண்டுதோறும் எசண்டனும் ரிச்மண்டும் மோதும் ட்ரீம்டைம் ஆட்டத்துக்கு முன்னால் ஃபெடரேஷன் சதுக்கத்திலிருந்து எம்சிஜி மைதானம் வரை ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். நானும் என் மகளும் ஐந்தாறு ஆண்டுகளாகப் போகிறோம், அவள் முதல் தடவை வரும்போது என் தோளில் உட்கார்ந்து வந்தாள், இப்போது எனக்கு முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்.

2023-இல் பூர்வகுடிகளின் குரல் என்ற ஆலோசனை அமைப்புக்கு அரசியலமைப்பில் இடம் கொடுப்பதா என்ற வாக்கெடுப்பு வந்தபோது லாங் மறுபடியும் கான்பராவுக்கு நடந்தார். அக்டோபர் 14 அன்று முடிவு வந்தது. ஆறு மாநிலங்களிலும் வேண்டாம் என்றே வந்தது. அதற்கு முன்னால் கிளின்டன் பிரையர் என்ற இளைஞர் 2016-இல் பெர்த்தில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு, 5,000 கிலோமீட்டருக்கும் மேல், சமூகம் சமூகமாகத் தங்கி அவர்கள் குறையைக் கேட்டுக்கொண்டே கான்பரா வரை நடந்திருந்தார். இவ்வளவு நடந்தும் இதுதானா என்று எனக்கு ஒரு சலிப்பு. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, அவர் கிம்பர்லி பக்கத்துக்காரர், அன்றைக்குச் சொன்னார்: "நீ பார்த்ததெல்லாம் அரசாங்கத்தைப் பார்த்து நடந்த நடை. எங்கள் ஊரில் ஒரு நடை இருக்கிறது, அது யாரிடமும் எதையும் கேட்டு நடப்பதில்லை. போய்ப் பார்." அப்படித்தான் எனக்கும் மகளுக்கும் பதிவு செய்தேன்.

அந்த நடையைத் தொடங்கியவர் பேடி ரோ. 1987-இல். நிகினா இனத்தில் பிறந்தவர், 1930-களில் மனைவியோடு இந்தக் கரைக்கு வந்தவர், இங்கே இருந்த முதியவர்கள் தங்கள் சட்டத்தையும் பாட்டுகளையும் இடங்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் விட்டுச் சென்றார்கள் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். கரையோரமாக ஒரு பாட்டுத்தடம் போகிறது. ஒவ்வொரு முனைக்கும் ஓடைக்கும் பாறைக்கும் அதில் ஒரு வரி உண்டு, நடந்தால்தான் பாட்டு தொடரும். புரூம் வளர வளர, பிள்ளைகள் ஊருக்குள் போய்விட, நடப்பவர்கள் குறைந்துபோனார்கள். தன் பேரப்பிள்ளைகள் மறுபடியும் இந்த மண்ணில் நடக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். கூடவே வெளியாட்களையும் கூப்பிட்டார். கறுப்போ வெள்ளையோ எல்லோரும் வந்து நடந்தால் இந்த மண் அவர்களுக்குள் உயிரோடு இருக்கும், அழிக்க யாராவது வந்தால் அவர்களும் சேர்ந்து நிற்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். 2001-இல் காலமானார். அவருடைய கணக்கு சரியாக வந்ததா என்பதைக் கீழே வல்மதன் என்ற இடம் வரும்போது சொல்கிறேன்.

சரி, பதிவும் பயணமும். கட்டணத்தை இங்கே எழுதவில்லை, மாறிக்கொண்டிருக்கும், குடும்பத்தாரிடமே நேரடியாகக் கேளுங்கள். வறண்ட காலத்தில் மட்டும்தான் நடக்கிறது, ஓராண்டில் சில தடவைகள்தான். மெல்பர்னிலிருந்து பெர்த், அங்கிருந்து இரண்டரை மணி நேரம் மறுபடி விமானம். ஜூலையில் பகல் 29 டிகிரி வரை போகும், இரவு 14-க்கு இறங்கிவிடும். வெப்பமண்டலம்தானே என்று மெல்லிய போர்வையோடு வந்தவர்கள் முதல் இரவே நெருப்புக்குப் பக்கத்தில் இடம் தேடினார்கள்.

இப்போது பூட்ஸ்.

மெல்பர்னில் ஒரு பெரிய மலையேற்றக் கடை, பெயர் வேண்டாம். ஒன்பது நாள் நடை என்றதும் விற்பனையாளர் தம்பிக்குக் கண்ணெல்லாம் பிரகாசம். எங்கே என்று கேட்கவே இல்லை. கணுக்கால் வரை வரும் தோல் பூட்ஸ், உள்ளே நீர்புகா உறை, 350 டாலர். நானும் மூன்று வாரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கினேன், மனைவி சிரித்தாள். லுருஜாரியில் நடப்பது மலையில் இல்லை, கடலோர ஈர மணலில், பாறைத் திட்டில், சில இடங்களில் முழங்கால் வரை தண்ணீரில். நீர்புகாத பூட்ஸ் மேல் வாய் வழியாக ஒரு அலையை உள்ளே வாங்கிவிட்டால் அப்புறம் நீர் வெளியேறாத பூட்ஸ் ஆகிவிடுகிறது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் ஒவ்வொரு காலிலும் அரைக்கிலோ தண்ணீரும் கால்கிலோ மணலும் சுமந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் குதிகாலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம். மூன்றாம் நாளிலிருந்து மகள் எடுத்துவந்திருந்த உபரி ரப்பர் செருப்பும், கரை கெட்டியாக இருந்த இடங்களில் வெறுங்காலும்தான். குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் முதலிலிருந்தே வெறுங்காலில்தான் நடந்தார்கள், அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து கடையில் கேட்டதற்கு, மணல் பட்டுவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். நடப்பதற்கு விற்ற பூட்ஸில் மணல் படாமல் எப்படி? ஆக, நீங்கள் போவதாக இருந்தால் வாரால் இறுக்கிக் கட்டும் செருப்பு ஒன்று, பழைய ஓட்டக் காலணி ஒன்று. முடிந்தது.

மற்றபடி நீங்கள் முதுகில் சுமக்க வேண்டியது அதிகமில்லை. தண்ணீர், தொப்பி, மதியத்துக்குத் தின்ன ஏதாவது. படுக்கை மூட்டையும் துணியும் சமையல் சாமான்களும் வண்டியில் அடுத்த முகாமுக்குப் போய்விடும். ஸ்வாக் என்று இங்கே ஒன்று உண்டு, கித்தான் துணிக்குள் மெத்தையைச் சுருட்டி வைத்த மாதிரி, கூடாரமே தேவையில்லை, படுத்துக்கொண்டால் மேலே வானம். மெல்பர்னில் நான் பார்க்கும் வானத்தில் நட்சத்திரம் எண்ணிவிடலாம். இங்கே எண்ணுவதற்கு நடுவில் இடைவெளியே இல்லை. குளியல் கடலில்தான். ஈக்கள் பகலில், மணல்கொசு சாயங்காலத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு பத்து நிமிடம் அமைதி.

நேர அட்டவணை என்று ஒன்று கிடையாது, இதைத் தெரிந்துகொண்டு போங்கள். முதல் நாள் நான் கேட்டேன், நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று. "வற்றம் வந்ததும்" என்றார்கள். எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது, ஏனென்றால் எங்கள் தாத்தாவும் அப்படித்தான் பேசுவார், நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். ஆனால் எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தாலே அதிகம். புரூமில் பெரிய நாட்களில் 9 மீட்டருக்கும் மேல். மூன்று மாடி உயரம் கடல் ஏறி இறங்குகிறது. காலையில் அலையடித்த இடத்தில் மத்தியானம் ஒரு கிலோமீட்டருக்குப் பாறையும் சேறும். கடிகாரத்தை நம்பி நடந்தால் பாறைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கடல் சொல்வதுதான் மணி.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிண்டன் என்கிறார்கள். செக்கச் செவேல் என்று, தேரிக்காட்டு மணலை இன்னும் கொஞ்சம் வறுத்த மாதிரி. அந்தச் சிவப்பு நேராக வெள்ளை மணலில் இறங்குகிறது, வெள்ளை மணல் பச்சை நீலக் கடலில் இறங்குகிறது, நடுவில் எந்தச் சமரசமும் இல்லை. மணல்மேடுகளுக்குப் பின்னால் அடர்ந்த கொடிப்புதர்க் காடு, மழைக்காலத்தில் பழம் காய்ப்பதெல்லாம் அங்கேதான். சந்தையில் காக்கடு பிளம் என்று விற்கும் குபின்ஜ் இந்தப் பக்கத்துப் பழம், ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ளது. நாங்கள் போனது பர்கானா, குளிர்காலம். பக்கத்து யாவுரு மக்களின் கணக்கில் ஆண்டுக்கு ஆறு பருவம், நமக்கும் ஆறுதானே என்று நான் கார், கூதிர், முன்பனி என்று எண்ணிக்காட்டினேன், பக்கத்தில் நடந்த பையன் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டான். பர்கானாவில் சால்மன் மீன் கொழுத்து வரும். அதைப் பிடித்து நெருப்பில் போட்டதை நான் தின்றிருக்கிறேன், அதைப் பற்றித் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம்.

நான்காம் நாள் நடந்ததைச் சொன்னால்தான் தலைப்பு புரியும்.

ஏறத்தாழ ஐம்பது பேர் நடக்கிறோம். பாதிப் பேர் மெல்பர்னிலிருந்து வந்த மாணவர்கள், மீதி எங்களைப் போல் பலவகை. முன்னால் குடும்பத்துப் பாட்டி ஒருவர், பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பேத்தி. திடீரென்று பாட்டி நின்றார். ஒரு செடியைக் காட்டிப் பேத்தியிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். சிறுமிக்குத் தெரியவில்லை. பாட்டி உட்கார்ந்துவிட்டார். சிறுமியும் உட்கார்ந்தாள். செடியை முகர்ந்து பார்த்தாள், இலையைக் கசக்கினாள், வேறு ஒரு பெயர் சொன்னாள், பாட்டி தலையசைக்கவில்லை. ஐம்பது பேரும் வெயிலில் நிற்கிறோம். எங்களுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். எனக்குப் பின்னால் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் ஒரு விளக்கக் கையேடு கொடுத்திருக்கலாம் என்று முனகினார். எனக்கும் மனசுக்குள் அதேதான், வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பது நிமிடம் இருக்கும், தூரத்தில் நின்ற ஒரு மாமா எதையோ பாடிக் காட்டினார், சிறுமி சட்டென்று ஒரு சொல்லைச் சொன்னாள். பாட்டி எழுந்து நடந்தார். எல்லோரும் நடந்தோம்.

அப்போது என் மகள் கிட்டே வந்து சொன்னாள்: "அப்பா, நாம கஸ்டமர் இல்லப்பா. அந்தப் பொண்ணுதான் கஸ்டமர்."

அந்த ஒரு பேச்சில் எனக்கு எல்லாமே இடம் மாறிப்போனது. நான் கட்டிய காசு, ஐம்பது பேருடைய காசு, வண்டிக்கு டீசல், சமையல், தண்ணீர், பள்ளி விடுமுறையில் இந்தப் பிள்ளைகள் ஒன்பது நாள் முதியவர்களோடு நடப்பதற்கான ஏற்பாடு. நாங்கள் ஒரு சாக்கு, கொஞ்சம் எரிபொருள். சுற்றுலா நிறுவனங்கள் பூர்வகுடி அனுபவம் என்று விற்கும் பல நிகழ்ச்சிகளுக்கு நான் போயிருக்கிறேன், அங்கே நடனம் எனக்காக, கதை எனக்காக, பூமராங் எறிவதும் எனக்காக. இங்கே யாரும் எனக்காக எதையும் செய்யவில்லை. செய்கிறதைப் பார்க்கவும், கூடக் கை கொடுக்கவும் விட்டார்கள். ஈட்டிக்கு மரம் தேடப் போனபோது கூப்பிட்டார்கள், சிப்பியில் செதுக்கும்போது பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள், நான் செதுக்கியதைப் பார்த்து மனம்விட்டுச் சிரித்தார்கள்.

இதனால்தான் நட்சத்திரம் போட முடியவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவள் பாட்டி பாடம் சொல்லித் தருவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க விட்டால், அதற்கு மதிப்பெண் போடுவீர்களா?

இனி டைனோசர். ஆமாம், டைனோசர்தான். இந்தக் கரைப் பாறைகளில் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலடித்தடங்கள் இருக்கின்றன, கடல் வற்றும்போது மட்டும் தெரியும். வல்மதன் பகுதியில் மட்டும் 21 வகைத் தடங்களை ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டு 2017-இல் வெளியிட்டார்கள். அதில் ஒன்று 1.7 மீட்டர் நீளம், என் மகள் அதற்குள் படுத்தால் தலை இடிக்காது. படுக்கவில்லை, படுக்கக் கூடாது. மூன்று விரல் தடங்கள் இருக்கின்றனவே, அவை மரலா என்ற ஈமு மனிதனுடையவை, பாட்டுத்தடத்தில் அவன் இந்த வழியாகத்தான் நடந்து போனான். அறிவியல் அறிஞர்கள் வந்து கண்டுபிடித்ததாகச் செய்திகளில் படித்திருப்பீர்கள். இந்தக் குடும்பத்தார்தான் தங்களுக்கு எப்போதும் தெரிந்திருந்த இடத்தை அவர்களுக்குக் காட்டினார்கள், அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

அந்தக் காரணம்தான் எரிவாயு. வல்மதனுக்கு ஆங்கிலப் பெயர் ஜேம்ஸ் பிரைஸ் முனை. அங்கே பெரிய எரிவாயு ஆலை கட்ட மேற்கு ஆஸ்திரேலிய அரசு இடம் குறித்தது, வுட்சைட் நிறுவனத்தின் திட்டம், பல ஆயிரம் கோடி டாலர். பேடி ரோவின் குடும்பம் எதிர்த்து நின்றது. கூடவே நின்றவர்களில் எத்தனையோ பேர் முந்தைய ஆண்டுகளில் இந்த வழியில் நடந்துவிட்டுப் போனவர்கள். 2013 ஏப்ரலில் வுட்சைட் அங்கே கட்டும் திட்டத்தைக் கைவிட்டது. செலவு கட்டுப்படியாகவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வல்மதன் முகாமில் இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, இங்கேயா ஆலை, இந்த இடத்திலேயா என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். செம்பாறை, கீழே கடல், அந்த மாதத்தில் குட்டி ஈன வடக்கே போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மூச்சு விடுவது கரையிலிருந்தே தெரியும். பகலில் நானே நான்கு பார்த்தேன்.

ஆனால் இதில் எல்லோரும் ஒரே பக்கம் என்று நான் எழுதினால் அது பொய். 2011-இல் நில உரிமை கோரிய பூர்வகுடியினரிடையே இந்தத் திட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரித்தவர்கள்தான் அதிகம். வேலை, வீடு, பள்ளி, அதற்கெல்லாம் பணம் வேண்டும், அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு? அப்புறம் 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம், இந்தக் கரையின் பூர்வீக நில உரிமை ஜபிர் ஜபிர் மக்களுக்கு உரியது, கூலராபூலூ குடும்பத்துக்குச் சட்டப்படி அந்த உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. பொறுப்பைக் கையில் வாங்கிக் காப்பாற்றியவர்கள் வேறு, வம்சத்தால் உரியவர்கள் வேறு என்று சட்டம் பிரித்துவிட்டது. நம் ஊரில் கோயில் யாருக்கு என்று அண்ணன் தம்பிகள் வழக்காடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் புரியாத விஷயமில்லை. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், எந்தப் பக்கம் சரி என்று சொல்லும் தகுதி ஒன்பது நாள் நடந்த எனக்கு இல்லை.

லியன் என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். முதலில் உடல்நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள், வயிற்றுப் பக்கம், ஒரு இடம் சரியாக இருக்கிறதா தப்பாக இருக்கிறதா என்று சொல்கிற உணர்வு அது. உன் லியன் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். கேட்ட அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போய்க் கடலில் உட்கார்ந்துவிட்டு வா என்றார். உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியாமல் அழுகை வந்தது, இதையெல்லாம் விமர்சனத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

புரூமில் ஒரு நாள் கூடத் தங்குங்கள். முத்துச்சிப்பி எடுத்து வளர்ந்த ஊர் அது. ஆரம்ப காலத்தில் பூர்வகுடி ஆண்களையும் பெண்களையும் பிடித்து வந்து கட்டாயப்படுத்தி முத்துக்குளிக்க வைத்திருக்கிறார்கள், கர்ப்பிணிகளைக்கூட. கடற்கரைப் பூங்காவில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி சிப்பியோடு தண்ணீரிலிருந்து எழுவதுபோல் சிலை வைத்திருக்கிறார்கள். முத்துக்குளித்துறைக்காரன் நான், எங்கள் ஊர் முத்துக் கதையில் எங்களுக்குப் பெருமைதான் சொல்லித் தந்தார்கள். அந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோது எங்கள் ஊரில் யாரைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள் என்று முதல்முறையாக யோசித்தேன்.

யாருக்கு இது ஒத்துவராது? கிலோமீட்டர் கணக்குக்காக நடப்பவர்களுக்கு. அவர்களுக்கு இந்த நாட்டில் வேறு நல்ல தடங்கள் எத்தனையோ இருக்கின்றன. பதில் உடனே கிடைக்க வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம், நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் மூன்று நாள் கழித்து ஒரு பாறையைக் காட்டிக் கிடைத்தது. கேமரா ஆசாமிகள் யோசித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் படம் எடுக்கக் கூடாது, சில இடங்கள் ஆண்களுக்கு, சில பெண்களுக்கு, சில யாருக்குமே இல்லை. சொன்னால் கேட்க வேண்டும், ஏன் என்று துருவக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்களோடு வந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் இரண்டு நாள் வண்டியில் வந்தார், யாரும் அதை ஒரு குறையாகப் பார்க்கவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக. என் மகளுக்குப் பதினான்கு வயது, செல்போனில் சிக்னல் இல்லை என்று முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், ஐந்தாம் நாள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேரோடு சேர்ந்துகொண்டு எங்கே நண்டு, எங்கே சிப்பி என்று போய்விட்டாள். அவர்களில் ஒரு பையன் ஊருக்குள் பள்ளியில் படிக்கிறான், பள்ளியில் அவன் அதிகம் பேசமாட்டான் என்று அவன் அத்தை சொன்னார். இங்கே அவன்தான் வழிகாட்டி. எந்தப் பாறையில் கால் வைக்கலாம், எதில் வழுக்கும் என்று பல்கலைக்கழக மாணவர்களை வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான், ஒரு மாணவி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அவன் எழுதச் சொன்னதை மறுபடி படித்துக்காட்டச் சொல்லிச் சரிபார்த்தான், தப்பாக எழுதியிருந்ததைத் திருத்தினான்.

கடைசி நாள் மினரின்யியில் பெரிய விழா எதுவும் இல்லை. கொடி இல்லை, பதக்கம் இல்லை, முடித்துவிட்டோம் என்று கைதட்டல்கூட இல்லை. வந்து சேர்ந்தோம், கடலில் இறங்கினோம், டாம்பர் ரொட்டி தின்று தேநீர் குடித்தோம். அந்தச் சிறுமி, செடிப் பெயர் சொன்னவள், தன் தம்பியை அதே மாதிரி ஒரு செடிக்கு முன்னால் உட்கார வைத்திருந்தாள். அவனுக்குப் பெயர் தெரியவில்லை. அவள் சொல்லித் தரவும் இல்லை. நாங்கள் வண்டி ஏறும்போதும் அவன் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தான்.

அடுத்த ஆண்டு மறுபடி போகலாம் என்கிறாள் மகள், இந்தத் தடவை அம்மாவையும் இழுத்துக்கொண்டு. இடங்கள் குறைவு, விருப்பம் உள்ளவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பூட்ஸ் விற்பனைக்கு இருக்கிறது. அளவு 9, வீட்டுக்கு வெளியே இரண்டு நாள்தான் போட்டது, எவ்வளவு தட்டினாலும் உள்ளேயிருந்து சிவப்பு மண் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் மட்டும் கேளுங்கள்.